கிளைவ் ஹாஸ்டலிலிருந்து கீழச் சித்திரை வீதி வரை

திருச்சி தெப்பக்குளத்தின் கரையில், செயின்ட் ஜோசப் கல்லூரியை ஒட்டி, ராபர்ட் கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் ஒரு கட்டடம் உண்டு. பிற்பாடு அது கல்லூரியின் மாணவர் விடுதியாகி, ‘கிளைவ் ஹாஸ்டல்’ என்றே வழங்கியது. 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியைத் திருச்சிக் கோட்டைக்குள் முடக்கி முற்றுகையிட்டார்கள். அவர்களுடைய கவனத்தைத் திருப்புவதற்காக ஆற்காட்டைப் பிடிக்கப் புறப்பட்டவன் கிளைவ். கும்பினியில் கணக்கெழுத வந்த பையன், அப்போது இருபத்தாறு வயது நிரம்பவில்லை. மறு வருஷம் பிரெஞ்சுப் படை பின்வாங்கி ஸ்ரீரங்கம் கோயில் மதில்களுக்குள் புகுந்துகொண்டு, கடைசியில் 1752 ஜூனில் ஸ்ரீரங்கத் தீவிலேயே சரணடைந்தது. சந்தா சாகிபின் தலை போயிற்று.

இந்தச் சண்டைகள் இங்கிலாந்துப் பையன்களுக்குக் கதைப் புத்தகமாகப் போய்ச் சேர்ந்தன. ஜி. ஏ. ஹென்டி 1884-ல் கிளைவை வைத்து ஒரு நாவல் எழுதினார். அதன் நாயகன் சார்லி மாரியட், கும்பினி வேலைக்குக் கப்பலேறி வரும் விடலை. போகிற இடத்து மொழியைக் கற்றுக்கொள்வான், வேஷம் போட்டுக்கொள்வான், பத்துப் பேரை ஒற்றை ஆளாகச் சமாளிப்பான். அவனுக்குப் பயம் என்ற ஒன்று கிடையாது, சந்தேகமும் கிடையாது. ஊர் இருப்பது அவன் வெல்வதற்காக. அந்த ஊர்களில் ஒன்று நம் திருச்சி. சாகச நாவலின் வீரனைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் உறைப்பது இதுதான். அவன் எங்கேயோ பிறந்து நமக்கு இறக்குமதியானவன் அல்லன். எங்கள் ஆற்றங்கரையில் வைத்துச் செய்யப்பட்ட ஆள், கப்பலேறிப் போய்ப் புத்தகமாகத் திரும்பி வந்திருக்கிறான்.

அந்தச் செயின்ட் ஜோசப் கல்லூரியிலிருந்துதான் தமிழின் சாகசக் கதைக்காரர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் சாண்டில்யன் என்ற பாஷ்யம் ஐயங்கார். இன்னொருவர் 1952 முதல் 1954 வரை அங்கே பௌதிகம் படித்த ரங்கராஜன், பிற்காலத்தில் சுஜாதா. இந்த இருவரையும், இவர்களைச் சுற்றியிருந்த மற்றவர்களையும், கடந்த சில மாதங்களாகத் திரும்ப எடுத்துப் படித்தேன். இவர்களால்தான் நான் வாசிக்கப் பழகினேன். ஆகவே இவர்களைப் பற்றிப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

‘கடல் புறா’ மூன்று பாகம். அறுபதுகளில் குமுதத்தில் வாராவாரம் வந்தது. இளையபல்லவன் என்ற கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தில் சிறைப்பட்டுத் தப்பி, கடலோடியாகி, ஸ்ரீவிஜயத்தின் கடற்படையையே கலங்கடிக்கிறான். இன்றைக்குப் படித்தாலும் கப்பல் வரும் பகுதிகளில் கை நிற்காமல் பக்கம் புரட்டுகிறது. பாய்மரம், காற்றின் போக்கு, துறைமுகத்தின் அமைப்பு, எங்கே நங்கூரமிட்டால் யாருக்குத் தெரியாது என்கிற கணக்கு, இவற்றையெல்லாம் சாண்டில்யன் நின்று நிதானமாகச் சொல்கிறார். தமிழன் கடலில் போனான் என்று மேடையில் முழங்கியவர்கள் பலர். எப்படிப் போனான் என்று ஒரு சாதாரண வாசகனுக்குக் கண்ணால் காட்டியவர் அவர். ஹென்டியின் பையனுக்கு அவர் சொன்ன பதில் என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். நீ கப்பலேறி வந்தாயா, நாங்கள் எழுநூறு வருஷம் முன்பே கப்பலேறிப் போனோம்.

ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும்போது ஹென்டியின் சட்டையையே போட்டுக்கொண்டுவிட்டார். இளையபல்லவன் போகும் இடமெல்லாம் ஒரு பெண் காத்திருக்கிறாள். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி ஒருத்தி, மஞ்சளழகி இன்னொருத்தி. இருவரும் அறிவுள்ளவர்கள், வாள் பிடிக்கத் தெரிந்தவர்கள் என்று ஆரம்பத்தில் அறிமுகமாகிறார்கள். அவன் கை பட்டதும் அந்த அறிவு கலைந்துபோகிறது. பிறகு பக்கம் பக்கமாக வர்ணனை. அறையில் விளக்கு எங்கே எரிகிறது, வெளிச்சம் அவள் மேல் எங்கெங்கே விழுகிறது என்று. கப்பலை வர்ணித்த அதே நிதானம்தான், ஆனால் கப்பலுக்காவது போக ஒரு திசை இருந்தது.

இதைச் சொன்னால் உடனே வரும் மறுமொழி, “அந்தக் காலம் அப்படி.” சின்ன வயதிலிருந்து கேட்டுவருகிறேன். இப்போது அடுத்தடுத்துப் படித்த பிறகு அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஏனென்றால் ‘கடல் புறா’வுக்கு முன்பே, 1950 முதல் 1954 வரை, கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதி முடித்துவிட்டார். அவரும் திருச்சியோடு சம்பந்தப்பட்டவர்தான். 1921-ல் இங்கே உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டு வெளியேறியவர். அவருடைய வந்தியத்தேவனும் குதிரை ஏறுகிறவன், வாள் எடுக்கிறவன்தான். ஆனால் அவன் அகப்பட்டுக்கொள்கிறான், வாய்க்கு வந்த பொய்யைச் சொல்கிறான், பயப்படுகிறான். அவனை இலங்கைக்குப் படகில் கொண்டுபோய்ச் சேர்ப்பது பூங்குழலி. துடுப்பு அவள் கையில் இருக்கிறது, கடலும் அவளுக்குத்தான் தெரியும். அந்தப் பயணத்தில் அவன் வெறும் பாரம். அதனால் அவன் வீரம் குறைந்ததாக ஒரு வாசகரும் நினைத்ததில்லை. பல்லாயிரக்கணக்கான பேர் கல்கி இதழை வாராவாரம் வாங்கி அவனைக் கொண்டாடினார்கள். ஆக அந்தக் காலம் வேறு மாதிரியான வீரனையும் தெரிந்துவைத்திருந்தது.

சாண்டில்யனுக்கே தெரிந்திருந்தது. செயின்ட் ஜோசப்பில் படிக்கும்போது ராஜாஜி வந்து பேசியதைக் கேட்டு விடுதலைப் போராட்டத்துக்குத் திரும்பியவர் அவர். முதலில் எழுதித் தன் செலவில் வெளியிட்ட அரசியல் நாவல் ‘பலாத்காரம்’, பிறகு ‘புரட்சிப் பெண்’ என்ற பெயரில் வந்தது. புரட்சிப் பெண்ணில் ஆரம்பித்தவர் மஞ்சளழகிக்கு வந்து சேர்ந்த வழியை யோசித்தால் காலம் காரணம் என்று படவில்லை, பத்திரிகை காரணம் என்று படுகிறது. ஒரு வாரத்துக்கு இத்தனை பக்கம், அதில் ஒரு படம், முடிவில் ஒரு திடுக். ஓவியர் லதா வரைந்த படங்களைப் பார்க்கவே வாங்கியவர்கள் உண்டு. ஓவியருக்குப் படம் போட ஒரு காட்சி வேண்டும். வாராவாரம் கப்பலையே வரைய முடியுமா?

தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லாலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர் ‘கல்கண்டு’ பத்திரிகையின் குழந்தை. குடும்பஸ்தர், மனைவி இந்திரா, தேநீர்ப் பிரியர், பெர்லின், நியூயார்க் என்று விமானமேறுகிறவர். வில்லன்கள் அவரிடம் நல்ல தமிழில் பேசுவார்கள். அவர் யாரையும் கெட்ட பார்வை பார்த்ததில்லை. இன்றைக்குப் படித்தால் சண்டைகள் காகிதமாக இருக்கின்றன, ஆனால் மனம் கூசவில்லை. பாஸ்போர்ட் என்பதைக் கண்ணால் பார்த்திராத ஒரு தலைமுறைக்கு, வேட்டி கட்டிய வாசகனுக்கு, உலகம் உனக்கும் திறந்திருக்கிறது என்று சொன்னவர் தமிழ்வாணன். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

இனி சுஜாதாவின் வக்கீல்களான கணேஷுக்கும் வசந்துக்கும் வருகிறேன். எனக்கு நெருக்கமும் வருத்தமும் அங்கேதான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையை அடைத்து லெண்டிங் லைப்ரரி நடத்தினார்கள். அட்டை கிழிந்த மாத நாவல்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தொடர்கதைகளைப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்த பைண்டு புத்தகங்கள். பழுப்பு அட்டை, முதுகில் நீலத் துணி, உள்ளே ஊசியால் குத்தித் தைத்த நூல். அந்தப் பைண்டில் கதை மட்டும் வராது. பக்கத்தின் மறுபுறத்தில் பாதி ஜோக், பாதி விளம்பரம், யாரோ கேட்ட கேள்விக்கு யாரோ சொன்ன பதிலின் கடைசி வரிகள். தையலுக்குள் போய்விட்ட எழுத்துகளை ஊகித்துக்கொள்ள வேண்டும். ஓரங்களில் நல்லெண்ணெய்க் கறை இருக்கும், அடுப்படியில் வைத்துப் படித்ததற்கு அடையாளமாக. ஒரு பிரதியில் கணேஷ் பேசும் வாக்கியங்களுக்கு மட்டும் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். சில பைண்டுகளில் ஓவியர் ஜெயராஜ் வரைந்த படம் இருந்த இடத்தில் பிளேடால் வெட்டிய நீள்சதுர ஓட்டை. அதன் வழியாக அடுத்த பக்கத்துக் கதை தெரியும்.

இவற்றைப் பிரித்து, வரிசைப்படுத்தி, தைத்துக் கொடுத்தவர்கள் அநேகமாகப் பெண்கள். ஆண்கள் வாங்கிவந்து போடுவார்கள், பஸ்ஸில் பாதி படிப்பார்கள். பொன்மலை ரயில்வே பணிமனைக்கும், பிற்பாடு பெல் தொழிற்சாலைக்கும் ஷிஃப்ட் போகிறவர்களுக்குப் போன வாரம் எங்கே விட்டது என்று ஞாபகம் இருக்காது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தவர்கள் வீட்டிலிருந்த பெண்கள்தான். ஆண்மையைக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டவை என்று இன்று நாம் பேசும் கதைகளைச் சேமித்துக் காப்பாற்றியவர்களும் அவர்களே.

என் அத்தையிடம் ஒருமுறை கேட்டேன். “அத்தை, இந்த வசந்த் பேசறதெல்லாம் படிச்சா உங்களுக்குக் கோபம் வரலையா?”

“அவன் பேசறதை யாருடி படிச்சா? கணேஷ் அடுத்தாப்பல எங்கே போறான்னு பார்த்துண்டு போயிண்டே இருப்பேன்” என்றாள்.

நானும் அப்படித்தான் படித்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பெண்ணான எனக்கு அந்தக் கதைகளில் ஒதுக்கப்பட்ட இடம் படத்தில் இருந்த பெண்ணுடையது. நான் அங்கே போய் நிற்கவே இல்லை. நேரே கணேஷின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாட்சியை மடக்கியவள் நான், பூட்டிய அறையில் தீக்குச்சி கிழித்துப் பார்த்தவள் நான். வாசிப்பு என்பது ஒரு பெண்ணுக்கு அந்தச் சலுகையைத் தருகிறது, எழுதியவர் நினைத்துக்கூடப் பார்த்திராத சலுகை. வயது ஏறின பிறகுதான் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து, எதிரே நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தோன்றுகிறது.

‘நைலான் கயிறு’ 1968-ல் குமுதத்தில் வந்தது. கணேஷ் அறிமுகமான கதை. வசந்த் இன்னும் பிறக்கவில்லை. கொலையாகிறவன் பெண்களை ஏமாற்றுகிறவன். கதைக்கு இடையிடையே சுநந்தா என்ற பெண்ணின் டைரிக் குறிப்புகள் வருகின்றன. இப்போது படித்தபோது கணேஷ் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டான். அந்த டைரியின் குரல்தான் கூடவே வந்தது. அவளுக்கு நடந்தது ஓர் அநீதி, கோர்ட்டில் நிரூபிக்கிற வகையில் அதற்குப் பெயரில்லை, அதைத் தனக்குத்தானே எழுதிக்கொள்கிறாள். முப்பது வயது தாண்டிய கொஞ்ச காலத்தில் ஓர் எழுத்தாளர், தன் முதல் துப்பறியும் நாவலிலேயே, ஒரு பெண்ணின் உள்குரலை இவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார். அப்படிப் பிடிக்கத் தெரிந்தவர் என்பதால்தான் அடுத்து வந்தவற்றின் மேல் எனக்குக் குறை இருக்கிறது.

‘ப்ரியா’வில் வசந்த் வந்து சேர்கிறான். ஜூனியர் வக்கீல், வேகமானவன், புத்திசாலி, எந்தப் பெண் உள்ளே நுழைந்தாலும் அவளை அளவெடுக்கிறவன். அவனுடைய மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் தமிழ் வாசகர்களிடையே பிரசித்தம். ஆரம்பிப்பான், கணேஷ் தடுத்துவிடுவான், கடைசி வரைக்கும் அந்த ஜோக் சொல்லப்படவில்லை. வருஷக்கணக்காக வாசகர்கள் அதைக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். உத்தியாகப் பார்த்தால் இது அசாத்தியமான சாமர்த்தியம். சொல்லாத ஒன்றை வைத்து ஒரு பாத்திரத்தையே நிறுத்திவிட்டார். ஆனால் சுற்றி நடப்பதையும் பார்க்க வேண்டும். கட்சிக்காரராக ஒரு பெண் வருகிறாள். அவள் வீட்டில் யாரோ செத்திருக்கிறார்கள், அல்லது அவளையே யாரோ கொல்லப் பார்க்கிறார்கள். வாசற்படியில் அவள் நிற்கும் அந்த நிமிஷத்தில் வசந்த் அவள் உடம்பைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறான். கணேஷ் “ஷட் அப்” என்கிறான். கண்டிக்கிற மாதிரி இருக்கிறது. உண்மையில் அந்த வாக்கியம் அச்சில் வந்துவிட்டது, நாமும் படித்தாகிவிட்டது. கண்டிக்கும் பெரியவன், அடங்காத சின்னவன் என்று இரண்டு பேராகப் பிரித்துவைத்ததில் இரண்டும் ஒரே சமயத்தில் நடந்துவிடுகின்றன.

‘ப்ரியா’வின் கதையைக் கவனியுங்கள். ஒரு நடிகை, அவள் சம்பாதிப்பதை எல்லாம் வைத்துக்கொண்டு அவளைப் பொம்மையாக ஆட்டிவைக்கும் ஜனார்த்தன் என்ற ஆள். அவன் சொல்லித்தான் கணேஷ் அவளைக் கவனித்துக்கொள்ள லண்டன் போகிறான். தமிழ் சினிமாவில் எத்தனை நடிகைகளின் வாழ்க்கை இது. தனக்குச் சொந்தமான பணம் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே ஓய்ந்துபோனவர்கள். சுஜாதா அதை அறிந்து எழுதியிருக்கிறார். ஆனால் கதை முழுவதும் நாம் அவளைப் பார்ப்பது அவளைக் கண்காணிக்கிற ஆண்களின் கண்களால். 1978-ல் படமானபோது லண்டன் சிங்கப்பூராயிற்று, கணேஷ் ரஜினிகாந்த் ஆனான், சண்டையும் பாட்டும் சேர்ந்தன. அதற்கு முந்தைய வருஷம் ‘காயத்ரி’யில் கணேஷாக ஜெய்சங்கர் நடித்திருந்தார். துப்பாக்கிப் படங்களுக்குப் பேர்போனவர். எழுத்தில் இருந்த கணேஷ் வாயால் வெல்கிறவன், படிக்கிறவன். சினிமா அவனுக்குத் தோளும் முஷ்டியும் கொடுத்தது. பிறகு எழுத்திலும் அந்தத் தோள் கொஞ்சம் வளர்ந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். 1986-ல் வந்த ‘விக்ரம்’ ஏவுகணையைத் தேடிப் போகும் உளவாளியின் கதை. அதில் ஏவுகணை சம்பந்தப்பட்ட விவரங்கள் நிற்கின்றன, விக்ரம் நிற்கவில்லை.

எது நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாக்கியம் நிற்கிறது. சுஜாதாவுக்கு முன் தமிழ் உரைநடையில் ஒரு ஆள் அறைக்குள் நுழைய அரைப் பக்கம் பிடித்தது. அவர் அதை இரண்டு வார்த்தையில் செய்தார். ஜாமீன் மனு எப்படிப் போடுவது, பிரேதப் பரிசோதனை அறிக்கையில் என்ன எழுதுவார்கள், விமானக் கட்டுப்பாட்டு அறையில் யார் என்ன பேசுவார்கள், இதெல்லாம் அவர் சொன்னால் நம்பலாம். விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தவர், பிறகு பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய வேலையில் பங்குகொண்டவர். ‘கொலையுதிர் கால’த்தில் பேயா விஞ்ஞானமா என்று அவர் ஹோலோகிராமை வைத்து ஆடிய ஆட்டம் இன்றைக்கும் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது. அறிவு பழசாகவில்லை. அந்த அறிவைத் தாங்கி நின்ற ஆம்பிளைத்தனம் மட்டும் நைந்துவிட்டது.

இதே கை எழுதியதுதான் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’. கீழச் சித்திரை வீதியில் பாட்டி வீட்டில் வளர்ந்த பையன் அந்தக் கதைகளில் பேசுகிறான். அவன் வீரன் இல்லை. ரங்கு கடையில் நின்று ஊர் வம்பு கேட்பான், கிரிக்கெட் ஆடுவான், பேப்பரில் பேர் வருவதை உலகத்தின் உச்சமாக நினைப்பான், பெண்களிடம் பேச நா எழாது. அந்தக் கதைகளில் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். குண்டு ரமணி என்று ஊர் கூப்பிட்ட பெண், புத்தி பேதலித்து, பசியோடு வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறவள். அவள் உடம்பையும்தான் பெயரிலேயே ஊர் கேலி செய்கிறது. கதை அதில் சேர்ந்துகொள்ளவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று திகைத்துப்போய்ப் பார்க்கிறது. கட்சிக்காரப் பெண் வாசற்படியில் நிற்கும்போது வசந்துக்குக் கிடைக்காத அந்தப் பார்வை, கீழச் சித்திரை வீதிப் பையனுக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டும் ஒரே தசாப்தங்களில், ஒரே வாசகர்களுக்காக, வெகுஜனப் பத்திரிகைகளிலேயே எழுதப்பட்டவை. ‘அந்தக் காலம் அப்படி’ என்பது இங்கேதான் முழுசாக உடைகிறது. அந்தக் காலத்தில் அந்த மனிதருக்கே இரண்டு கண்ணும் இருந்தன. சாகசக் கதை எழுத உட்காரும்போது ஒன்றை மூடிக்கொண்டார்.

ஏன் மூட வேண்டியிருந்தது? நான் நினைப்பது இது. நம் சாகச நாவல்கள் துணிச்சலை ஓர் ஆணின் உடம்பில் மட்டுமே வைத்துப் பார்த்தன. அவன் அஞ்சாதவன் என்று காட்ட ஒரு வில்லன் வேண்டும், அவன் ஆண் என்று காட்ட ஒரு பெண் வேண்டும். ஹென்டி கொடுத்த அச்சு அப்படி. எங்கள் ஊருக்கு அந்த அச்சு தேவையே இல்லை. 1323-ல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தபோது நடந்தவற்றைக் கோயில் மரபு சொல்லிவைத்திருக்கிறது. கோயிலின் உற்சவரான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக வெளியேறியவர்களில் முதன்மையானவர் பிள்ளை லோகாசாரியார், தள்ளாத வயது, மதுரைப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் வழியிலேயே உயிர் விட்டார். வேதாந்த தேசிகர் பிணக்குவியலுக்கு நடுவில் பிணம்போலக் கிடந்தார். சுதர்சன சூரியின் இரண்டு சிறு பிள்ளைகளும், சூரி எழுதிய ‘சுருதப்பிரகாசிகை’ உரையின் ஓலைச்சுவடியும் தேசிகர் பொறுப்பில் இருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு, குழந்தைகளையும் அடக்கிக்கொண்டு, விடியும் வரை கிடப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும். வெள்ளையம்மாள் என்ற தேவதாசி படைத்தலைவனைக் கிழக்குக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள் என்கிறார்கள். வெள்ளைக் கோபுரம் என்று அதற்குப் பெயர். சுஜாதா வளர்ந்த தெருவிலிருந்து நடந்தே போகிற தூரம்.

இந்த வரலாற்றை நாவலாக எழுதியவர் ஸ்ரீவேணுகோபாலன். ‘திருவரங்கன் உலா’ என்று பெயர். நம்பெருமாள் கேரளம், மைசூர்ப் பக்கம், திருப்பதி என்று அலைந்து 1371-ல் திரும்பி வருகிற வரைக்குமான நெடும்பயணத்தை, தொடர்ந்து வந்த ‘மதுரா விஜய’த்தையும் சேர்த்து, சொல்லிச் செல்கிறார். அதில் வாளும் குதிரையும் காதலும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் கதையின் மொத்தக் கனமும் ஒரு விக்ரகத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற, சோறும் தூக்கமும் இல்லாத, பெயர் தெரியாத பலரின் தோள்களில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் படபடப்பு. யாராவது ஒருவர் இருமினால் எல்லாம் போச்சு என்கிற மாதிரியான படபடப்பு. ஒற்றை வீரன் இல்லாமலே ஒரு திகில் கதை நகரும் என்பதற்கு எங்கள் ஊரிலிருந்தே சாட்சி. இதே ஸ்ரீவேணுகோபாலன்தான் புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் ‘என் பெயர் கமலா’ எழுதியவர், வாசகர்களைச் சூடேற்றுகிறார் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர், படத்தோடு சேர்த்து வீட்டில் ஒளித்துவைக்கப்பட்டவர். இரண்டு பெயர், இரண்டு கை. பெருமாளுக்கு ஒரு பெயரும் பெண்ணுடம்புக்கு ஒரு பெயருமாக அவரே பிரித்துவைத்துக்கொண்டது அவருடைய நேர்மை என்றுகூடத் தோன்றுகிறது. சாண்டில்யனும் சுஜாதாவும் இரண்டையும் ஒரே பெயரில் எழுதினார்கள்.

இந்தப் புத்தகங்களை என்ன செய்வது? 2023-ல் இயான் ஃபிளெமிங்கின் ஜேம்ஸ் பாண்ட் நாவல்களை மறுபதிப்புச் செய்தபோது, கறுப்பின மக்களைப் பற்றிய சில சொற்களை நீக்கி வெளியிட்டார்கள். நம் ஊரிலும் வசந்தின் வாக்கியங்களை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. வெட்டினால், சுநந்தாவின் டைரியை எழுதியவர் பிறகு எங்கே போனார் என்பதும் சேர்ந்து மறைந்துவிடும். நாம் சிரித்துக்கொண்டே படித்தோம் என்பதும் மறைந்துவிடும். சுஜாதாவின் ‘ரத்தம் ஒரே நிறம்’ முதலில் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்ற பெயரில் குமுதத்தில் தொடங்கி, சாதிச் சங்கத்தாரின் மிரட்டலால் நிறுத்தப்பட்டு, பெயர் மாற்றி மறுபடி எழுதப்பட்டது. அன்று ஊர் கொதித்தது ஒரு சாதியைப் பற்றிய வரிகளுக்காக. வாராவாரம் பெண்களைப் பற்றி வந்த வரிகளுக்காக எந்தச் சங்கமும் குமுதம் அலுவலகத்துக்கு முன் வந்து நிற்கவில்லை. இதுவும் அந்த நாவல்களின் சரித்திரம்தான். வெட்டாத பக்கங்களில்தான் அது தெரியும்.

நான் கேட்பது வேறு. இப்போது கடைகளில் கிடைக்கும் மறுபதிப்புகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இந்தப் பதிப்பு எந்த வருஷம் என்று இருக்கும். முதலில் எந்தப் பத்திரிகையில், எந்த வருஷம், யார் படம் வரைய வந்தது என்ற தகவல் இருக்காது. 1968-ல் எழுதியதும் 1988-ல் எழுதியதும் ஒரே மாதிரி பளபள அட்டையோடு அடுக்கிவைத்திருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண் அவற்றில் ஒன்றை எடுத்தால், இது நேற்று எழுதியதா, அவளுடைய பாட்டி மத்தியானத்தில் படித்ததா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முதல் பக்கத்தில் நான்கு வரி போதும். பத்திரிகையின் பெயர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ஓவியரின் பெயர். முடிந்தால் அன்று வந்த படங்களையும் அப்படியே சேர்க்கட்டும், என் தெருவில் பிளேடால் வெட்டினார்களே அந்தப் படங்களையும். வாராவாரம் தேதி போட்டுப் பிரித்துத் தைத்துவைத்த பைண்டுகள் இன்னும் ஸ்ரீரங்கத்தில் சில பரண்களில் கிடக்கின்றன, கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.